அம்பாசடர் ஸ்டார்ட் ஆகவில்லையா? இக்னிஷன் கோளாறைக் கண்டுபிடிக்கப் படிப்படியான வழிகாட்டி

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. ஆனால் இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. இந்த நிலையில் புதிதாகப் பழைய வண்டி வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலை, டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) லூஸ் செய்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்ப்பது. நானும் அதைத்தான் செய்தேன். கோளாறு என்னவோ பாயிண்டில் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) நானே மாற்றிப் போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் வாஷரில் இருந்தது. அது தெரியாமல் டைமிங்கையும் (ஸ்பார்க் அடிக்க வேண்டிய நேரம்) கெடுத்து, ஒரு கோளாறை இரண்டாக்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும் வேலை கிட்டத்தட்டக் கடைசியில்தான் வரும். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது.

இங்கே நான் சொல்வது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் சி.பி. பாயிண்டும் உள்ள அம்பாசடரை வைத்து. பிரீமியர் பத்மினிக்கும் இதே முறை பொருந்தும், ஆனால் அளவுகளை அந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இசுசு இன்ஜின் உள்ள அம்பாசடருக்கும் இந்த அளவுகள் சரிவராது.

கரண்ட் போகும் பாதை

இதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. இக்னிஷனில் இரண்டு சுற்றுகள் உண்டு.

முதலாவது 12 வோல்ட் சுற்று. பேட்டரி, சாவி சுவிட்ச், காயிலின் ஒரு முனை, காயிலின் மறுமுனை, அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட், பாயிண்ட் வழியாக எர்த், அதாவது பேட்டரியோடு இணைந்த வண்டியின் இரும்பு உடல். இரண்டாவது ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும் எச்.டி. (ஹை டென்ஷன்) சுற்று. காயிலின் நடுவிலிருந்து தடித்த ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதற்குள் சுற்றும் ரோட்டர், பிளக் ஒயர், பிளக்.

பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் உண்டாகிறது. பாயிண்ட் திறக்கும் நொடியில் அந்தப் புலம் சட்டென்று குலைந்து எச்.டி. பக்கம் ஸ்பார்க்காக வெளியே வருகிறது. ஆக, 12 வோல்ட் சுற்று சரியில்லாமல் எச்.டி. பக்கத்தில் எதை மாற்றினாலும் ஸ்பார்க் வராது. முதலில் 12 வோல்ட் பக்கம், அப்புறம் எச்.டி. பக்கம், எல்லாம் முடிந்த பிறகே டைமிங்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

5 வாட் பல்பு, ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி: இதுதான் டெஸ்ட் லைட். எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்கலாம், பழைய இண்டிகேட்டர் ஹோல்டரில் நீங்களே செய்தும் கொள்ளலாம். எல்.இ.டி. டெஸ்டர் வேண்டாம். பச்சைப் பூஞ்சை பிடித்த கனெக்‌ஷன் வழியாக வரும் துளிக் கரண்டிலும் எல்.இ.டி. பளிச்சென்று எரியும். "கரண்ட் வருதே" என்று நீங்கள் ஏமாந்து போவீர்கள். மல்டிமீட்டரும் அப்படியே 12 வோல்ட் காட்டும். பல்பு மட்டும்தான் கொஞ்சம் கரண்டை இழுத்துப் பார்த்து உண்மையைச் சொல்லும்.

மல்டிமீட்டர் ஒன்றும் வேண்டும், ஓம் அளப்பதற்கு. அவற்றுடன் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), பிளக் ஸ்பேனர், இன்சுலேஷன் உள்ள கட்டிங் பிளேயர், சின்ன ஸ்க்ரூடிரைவர், மெல்லிய உப்புத்தாள், சுத்தமான வெள்ளைத் துணி, இரண்டு மீட்டர் ஒயர். பம்பருக்கு நடுவே விட்டுச் சுற்றும் ஹேண்டில் டிக்கியில் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

கூடவே ஒரு கண்டன்சரும் ஒரு ரோட்டரும் கையில் இருக்கட்டும். பழையதானாலும் ஓடிய வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்க வேண்டும். ஏன் என்பது 7, 9 படிகளில் தெரியும்.

பாதுகாப்புக்கு மூன்று விஷயம். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு இருக்கட்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஸ்பார்க் சோதனைப் பக்கம் வர வேண்டாம். பெட்ரோல் கசிவோ நெடியோ இருந்தால் அதைச் சரி செய்து, காற்றோட்டமாக விட்ட பிறகே ஸ்பார்க் சோதனை. இந்த இன்ஜினில் கார்புரேட்டர் ஒரு பக்கம், பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் எதிர்ப்பக்கம் என்பது நமக்கு ஒரு வசதி.

## 1. செல்ஃப் சுற்றும் சத்தத்தைக் கேளுங்கள்

பானெட்டைத் திறக்கும் முன் ஒரு தடவை சாவியைத் திருப்பிக் கேளுங்கள். "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தாலோ, முனகி முனகிச் சுற்றினாலோ பிரச்சினை பேட்டரி, எர்த், செல்ஃப் பக்கம். நேராக 2-ஆம் படிக்குப் போங்கள்.

சுறுசுறுப்பாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க்தான் சந்தேகம். சோக் போட்டுப் பல தடவை சுற்றிய பிறகும் பிளக் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் பக்கம் முதலில் பாருங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, பெட்ரோலே வராத வண்டிக்கு நாள் முழுக்க பாயிண்ட் தேய்த்தவர்களை எனக்குத் தெரியும்.

சுற்றும்போது பிடிக்காமல், சாவியை விடும் கணத்தில் மட்டும் ஒரு தடவை "டப்" என்று அடித்தால் அது நல்ல தடயம். செல்ஃப் கரண்டையெல்லாம் இழுத்துக்கொள்வதால் காயிலுக்குப் போதவில்லை. இதற்கும் விடை அடுத்த படியில்தான்.

## 2. பேட்டரியும் எர்த்தும்

முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்குக் கீழே என்றால் பாதிதான் மிச்சம். சார்ஜ் போட்ட பிறகு வேலையைத் தொடருங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் செல்ஃப் சுற்றும், ஸ்பார்க் மட்டும் செத்துப்போகும்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி, உள்பக்கம் பளபளவென்று வரும்வரை தேய்த்து மாட்டுங்கள். வெளியே வெந்நீர் ஊற்றிக் கழுவுவது மட்டும் போதாது, கரண்ட் போவது உள்பக்கம் வழியாக.

அப்புறம் பலரும் மறப்பது எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. இன்ஜினையும் சேஸியையும் இணைப்பது ஒரு பின்னிய பட்டை மட்டும்தான். அது துருப்பிடித்தாலோ, கிளட்ச் வேலைக்குக் கழற்றியவர் மாட்ட மறந்தாலோ, செல்ஃபுக்கான கரண்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்த பிறகு சோக் கேபிளைத் தொட்டால் சுடுகிறதா? எர்த் பட்டைதான் குற்றவாளி.

## 3. ஸ்பார்க் இருக்கிறதா, எங்கே வரை?

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் உள்ள தடித்த ஒயரை மூடிப் பக்கம் உருவுங்கள். அதன் முனையை இன்சுலேஷன் பிளேயரால் பிடித்து, இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். உதவிக்கு ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும்.

நீல நிறத்தில், "டிக் டிக்" என்று சத்தத்தோடு, சீராக ஸ்பார்க் தாவினால் 12 வோல்ட் சுற்றும் காயிலும் நல்லவை. 9-ஆம் படிக்குத் தாவுங்கள். மஞ்சளாக, மெலிந்து, விட்டு விட்டு வந்தால் பாயிண்ட், கண்டன்சர், காயில் மூன்றில் ஒன்று. ஒன்றுமே வரவில்லை என்றால் 4-ஆம் படி.

ஒயரை பிளாக்கிலிருந்து ரொம்பத் தள்ளியோ, எதிலும் படாமல் அந்தரத்திலோ விட்டுச் செல்ஃப் அடிக்காதீர்கள். ஸ்பார்க்குக்கு வெளியே வழி கிடைக்காவிட்டால் காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனைக் கிழித்துக்கொண்டு போகும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் ஒயரை வெறும் கையில் பிடிப்பார்கள். அவர்களோடு போட்டி வேண்டாம்.

## 4. காயிலுக்குக் கரண்ட் வருகிறதா?

பழைய காயிலில் இரண்டு சின்ன முனைகளில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று பொறித்திருக்கும். சுவிட்சிலிருந்து வருவது எஸ்.டபிள்யூ., பாயிண்டுக்குப் போவது சி.பி. பிந்தைய காயில்களில் கூட்டல், கழித்தல் குறிகள். நெகட்டிவ் எர்த் வண்டியில் கூட்டல் முனை சுவிட்சுக்கு, கழித்தல் முனை பாயிண்டுக்கு. மாற்றி மாட்டினாலும் வண்டி ஓடலாம், ஆனால் பிளக்கில் ஸ்பார்க் பலவீனமாகி, குளிரில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். உங்கள் வண்டியில் எந்த டெர்மினல் எர்த்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

டெஸ்ட் லைட்டின் கிளிப்பை பிளாக்கில் மாட்டி, சாவியை ஆன் செய்து, ஊசியை எஸ்.டபிள்யூ. முனையில் வையுங்கள். நன்றாக எரிந்தால் சரி. எரியாவிட்டால் காயிலுக்கு வரும் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது: சுவிட்ச், அதன் பின்னால் உள்ள முனைகள், இடையில் எவரோ டேப் சுற்றி ஒட்டிய ஜாயிண்ட். லூகாஸ் முறைப்படி இந்த ஒயர் வெள்ளை, காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போவது வெள்ளையில் கறுப்புக் கோடு. நாற்பது வருடத்தில் நாலு எலெக்ட்ரீஷியன் கை பட்ட வண்டியில் நிறத்தை நம்பாதீர்கள், ஒயரையே பின்தொடருங்கள்.

சந்தேகத்தை உறுதி செய்ய ஒரு குறுக்குவழி உண்டு. பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயரை நேராக எஸ்.டபிள்யூ. முனைக்குக் கொடுங்கள். இன்ஜின் பிடித்தால் கோளாறு சுவிட்ச் பக்கம். இது கண்டுபிடிக்க மட்டும்தான். இப்படியே ஓட்டினால் சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது, ஃபியூஸும் இல்லாத ஒயர், உரசினால் தீப்பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை: சோதனைக்கு நடுவில் சாவியை ஆனிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலில் சுமார் 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் வெந்துவிடும்.

## 5. டெஸ்ட் லைட்டை சி.பி. முனையில் வையுங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டி, மூடியை ஒதுக்கி வையுங்கள். டெஸ்ட் லைட் ஊசியை காயிலின் சி.பி. முனையில் வைத்து, சாவி ஆன் செய்து, ஹேண்டிலால் இன்ஜினை மெதுவாகச் சுற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் லேசாகச் சுற்றும், இன்ஜின் திடீரென்று பிடித்து ஹேண்டில் கையை அடிக்கும் ஆபத்தும் இருக்காது. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலையும் மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

பாயிண்ட் திறக்கும்போது லைட் எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து வந்தால் 12 வோல்ட் சுற்று முழுவதும் வேலை செய்கிறது.

லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் வழியாகக் கரண்ட் எர்த்துக்குப் போகவில்லை. பாயிண்ட் முகத்தில் அழுக்கு, பாயிண்ட் மூடவே இல்லை, சி.பி. முனையிலிருந்து பாயிண்ட் வரை ஒயர் அறுந்தது, அல்லது பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டின் எர்த் ஒயர் போயிற்று. கடைசியாகச் சொன்ன இந்த ஒயர் துணி சுற்றிய, நூல் போன்ற ஒன்று. வேக்கும் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சு விசையால் டைமிங்கை மாற்றும் அமைப்பு) தட்டை அசைக்கும்போதெல்லாம் வளைந்து வளைந்து, வெளியே உறை நன்றாக இருக்கும்போதே உள்ளே அறுந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாக இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே செம்பு இல்லை.

லைட் எரியவே இல்லை என்றால் சி.பி. முனையில் உள்ள ஒயரைக் கழற்றிவிட்டு, வெறும் முனையில் மறுபடி ஊசியை வையுங்கள். அப்போதும் எரியாவிட்டால் காயிலின் உள்சுற்று அறுந்துவிட்டது. இப்போது எரிந்தால் காயில் நல்லது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஏதோ நிரந்தரமாக எர்த்தில் படுகிறது. கண்டன்சர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அதைவிட அதிகமாக நான் பார்த்தது அடுத்த படியில் வரும் வாஷர் குளறுபடி.

## 6. பாயிண்ட்

முதலில் முகத்தைப் பாருங்கள். மாதக் கணக்கில் நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் சாம்பல் நிறப் படலம் படியும். கண்ணுக்கு ஒன்றும் இல்லாதது போல இருக்கும், கரண்ட் மட்டும் போகாது. மெல்லிய உப்புத்தாளை மடித்து இடையில் விட்டு இரண்டு தடவை இழுத்து, பிறகு வெள்ளைத் துணியால் துடைத்தால் போதும். ஷெட்டில் நின்றே கிடந்த பல வண்டிகளுக்கு வைத்தியம் இவ்வளவுதான்.

ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு வந்திருந்தால் புதிது போடுங்கள். மேட்டின் மேல் ஃபீலர் கேஜ் வைத்து அளந்தால் அளவு பொய்யாக வரும்.

புதுப் பாயிண்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். துணியில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டுத் துடைக்காமல் மாட்டினால் ஸ்பார்க் வராது.

இப்போது வாஷர். பாயிண்டின் ஸ்பிரிங் ஒரு சின்னக் கம்பத்தில் மாட்டுகிறது. அந்தக் கம்பம் எர்த். அதன் மேல் முதலில் ஒரு ஃபைபர் வாஷர், அதற்கு மேல் ஸ்பிரிங்கின் வளையம், பிறகு காலர் உள்ள பிளாஸ்டிக் புஷ். காயிலிலிருந்து வரும் ஒயரின் கண்ணும் கண்டன்சர் ஒயரின் கண்ணும் ஸ்பிரிங்கைத் தொட்டபடி அந்த புஷ்ஷின் மேல் உட்கார வேண்டும். அதற்கு மேல் நட்டு. மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும், கம்பத்தையோ நட்டையோ தொடக் கூடாது. ஒயர் கண்ணை புஷ்ஷுக்கு வெளியே, நட்டுக்கு அடியில் நேராக வைத்து முடுக்கினால் கரண்ட் பாயிண்டைச் சுற்றிக்கொண்டு எர்த்துக்குப் போய்விடும். பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், டெஸ்ட் லைட் எரியவே எரியாது. என்னுடைய இரண்டு ஞாயிறுகள் போனது இங்கேதான். கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கோடு ஒரே துண்டாக வரும் பாயிண்ட் கிடைத்தால் இந்தத் தலைவலி குறையும்.

இடைவெளி வைக்கும் முறை: பாயிண்டின் ஃபைபர் பகுதி கேமின் (டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் பாயிண்டைத் திறக்கும் பகுதி) நாலு மூலைகளில் ஒன்றின் உச்சியில் நிற்கும்வரை இன்ஜினைச் சுற்றுங்கள். உச்சியில் இல்லாமல் அளந்தால் வேலையே வீண். இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். திருகை முடுக்கிய பிறகு இன்னொரு தடவை அளங்கள், முடுக்கும்போது நகர்ந்துவிடும்.

ஃபீலர் கேஜில் எண்ணெய் இருக்கும். துடைக்காமல் விட்டால் அந்த எண்ணெய் பாயிண்ட் முகத்தில் ஒட்டும். "இப்பதான் பாயிண்ட் செட் பண்ணேன், முன்னாடி கொஞ்சமாவது ஓடுச்சு, இப்ப ஸ்பார்க்கே இல்ல" என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, கேஜைத் துடைத்தீர்களா என்பதுதான். கேமுக்கு கிரீஸ் வைப்பதும் தீக்குச்சி முனை அளவே. அதிகம் வைத்தால் சுற்றும் வேகத்தில் பாயிண்டில் தெறிக்கும்.

## 7. கண்டன்சர்

பாயிண்ட் திறக்கும்போது கரண்ட் அந்த இடைவெளியில் தாவப் பார்க்கும். அதை வாங்கிக்கொண்டு காயிலின் காந்தப்புலத்தைச் சட்டென்று குலைய வைப்பது கண்டன்சர். அது செத்தால் ஸ்பார்க் மஞ்சளாகும், பாயிண்டில் பெரிய நீலப் பொறி பறக்கும், சில நாளில் பாயிண்ட் கருகும்.

வீட்டில் அதைச் சோதிக்க நம்பகமான வழி, இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதுதான். டிஸ்ட்ரிபியூட்டரை வண்டியிலிருந்து கழற்றக்கூட வேண்டாம், மூடியைத் திறந்தால் போதும். பழையதன் ஒயரைக் கழற்றிவிட்டு, கையில் உள்ள கண்டன்சரின் ஒயரைக் காயிலின் சி.பி. முனையிலும், உடலைச் சுத்தமான இரும்பிலும் பிடித்து ஸ்பார்க் பாருங்கள். நீலமாக மாறினால் விடை கிடைத்தது. பழையது ஓடிக்கொண்டிருந்தால் புதிது வாங்கி மாட்டி அழகு பார்க்காதீர்கள். கடையில் வாங்கிய அன்றே செத்திருந்த கண்டன்சர்களும் என் பெட்டியில் உண்டு.

## 8. காயில்

மல்டிமீட்டரை ஓமில் வைத்து, இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, எஸ்.டபிள்யூ. முனைக்கும் சி.பி. முனைக்கும் நடுவே அளங்கள். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) இல்லாத வண்டிக்குச் சுமார் 3 ஓம் வர வேண்டும். நடு டவரிலிருந்து சின்ன முனைக்கு அளந்தால் ஆயிரக்கணக்கான ஓம் காட்டும். முடிவே இல்லாமல் காட்டினால் உள்ளே அறுந்தது.

பெரிய தவறு நடப்பது புதுக் காயில் வாங்கும்போது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சில காயில்கள் 1.5 ஓம், பேலஸ்ட் உள்ள வண்டிக்கானவை. அதை மாட்டினால் முதலில் அருமையாக ஓடும். கரண்ட் இரட்டிப்பாவதால் பாயிண்ட் சீக்கிரம் கருகும், காயில் கை வைக்க முடியாமல் சுடும், ஒரு நாள் நடுரோட்டில் நிற்கும். கடையிலேயே அளந்து பார்த்து வாங்குங்கள்.

## 9. ரோட்டர், மூடி, ஒயர்கள்

நடு ஒயரில் நல்ல ஸ்பார்க், பிளக்கில் இல்லை. அப்படியானால் இடையில் எங்கோ கசிகிறது.

ரோட்டரை முதலில் பாருங்கள். நன்றாக இருப்பது போலவே இருக்கும், உள்ளே இன்சுலேஷனில் ஊசித் துளை விழுந்து, ஸ்பார்க் மேலிருந்து அடியில் உள்ள ஷாஃப்டுக்கு இறங்கிவிடும். கண்டுபிடிக்கும் வழி இது: மூடி வெளியே, ரோட்டர் அதன் இடத்தில். பாயிண்ட் மூடிய நிலைக்கு இன்ஜினைச் சுற்றி, சாவி ஆன். நடு ஒயரின் முனையை பிளேயரால் பிடித்து ரோட்டரின் பித்தளைக்கு மேலே 3 மில்லிமீட்டரில் வைத்து, காய்ந்த மரக்குச்சியால் பாயிண்டைத் திறந்து திறந்து விடுங்கள். நல்ல ரோட்டரில் ஸ்பார்க் தாவாது, ஏனென்றால் அது போக வேறு இடமில்லை. பளிச் பளிச்சென்று ரோட்டருக்குத் தாவினால் உள்ளே ஓட்டை, தூக்கிப் போடுங்கள். நடுவில் ரிவெட் அடித்த மலிவு ரோட்டர்களில் இது அடிக்கடி நடக்கும்.

மூடியின் உள்ளே நடுவில் ஒரு கார்பன் குச்சி இருக்கிறது, பின்னால் ஸ்பிரிங். விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். பிறகு மூடியை வெயிலில் சாய்த்துப் பிடித்து, ஒரு பித்தளை முனையிலிருந்து இன்னொன்றுக்கு பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா என்று தேடுங்கள். அது ஸ்பார்க் போட்ட பாதை. துடைத்தாலும் திரும்ப வரும், மூடியை மாற்ற வேண்டியதுதான்.

மழைக்கால மக்கர் பெரும்பாலும் இங்கேதான். தேங்கிய தண்ணீரில் ஓட்டினாலோ, பானெட்டைத் திறந்து தண்ணீர் அடித்துக் கழுவினாலோ மூடிக்குள் ஈரம் கோக்கும். துணியால் துடைத்து, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வையுங்கள். அவசரத்தில் பெட்ரோலால் கழுவி உடனே மூடிச் செல்ஃப் அடித்தால், உள்ளே தங்கிய ஆவி ஸ்பார்க்கில் வெடித்து மூடி பிளந்துவிடும்.

பிளக் ஒயர்களை இருட்டிய பிறகு பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஒயர் மேல் நீலமாக மின்மினி ஓடினால் அந்த ஒயர் முடிந்தது. மூடிக்குள் கூர்த் திருகு குத்திப் பிடிக்கும் பழைய வகை மூடிக்குச் செம்புக் கம்பி உள்ள ஒயர்தான் பொருந்தும். கார்பன் நூல் உள்ள நவீன ஒயரில் அந்தத் திருகு சரியாகப் பிடிக்காது.

## 10. பிளக்

கழற்று, கம்பி பிரஷ்ஷால் துடை, 0.025 அங்குலம் இடைவெளி வை, மாட்டு. நனைந்திருந்தால் காய வைத்து, சோக் இல்லாமல் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துச் செல்ஃப் அடியுங்கள்.

வெளியே வைத்துப் பார்க்கும்போது ஸ்பார்க் அடிக்கும் பிளக், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அடிக்காமல் போகலாம். சந்தேகம் இருந்தால் புதிது நாலு போடுங்கள். வெளியே சோதிக்கும்போது பிளக்கை பிளக் துளைக்கு அருகில் வைக்காதீர்கள், துளையிலிருந்து பெட்ரோல் புகை வெளியே வரும்.

## 11. வரிசையும் டைமிங்கும்

பிளக்கில் நல்ல ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் வருகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை. அல்லது கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது. இப்போதுதான் இந்தப் படி.

ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1-ஆம் சிலிண்டர். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும், ஒயர்களும் அந்தத் திசையிலேயே 1, 3, 4, 2 என்று வர வேண்டும். கடிகாரத் திசையில் மாட்டிவிட்டு வண்டியைத் திட்டுவது வாடிக்கை.

1-ஆம் பிளக் துளையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். விரலைக் காற்று தள்ளும்போது கம்ப்ரஷன். அப்படியே மெதுவாகச் சுற்றி, புல்லியின் வெட்டு டைமிங் கவரின் குறிக்கு வரும்வரை கொண்டு போங்கள். ரோட்டர் இப்போது 1-ஆம் ஒயரை நோக்க வேண்டும். 4-ஐ நோக்கினால், கம்ப்ரஷனைச் சரியாகத்தான் பார்த்தீர்களா என்று மறுபடி பாருங்கள். சரியாகப் பார்த்தும் 4 என்றால், டிஸ்ட்ரிபியூட்டர் பாதிச் சுற்று தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அல்லது ஒயர்கள் அப்படி மாறியிருக்கின்றன.

டைமிங் வைக்கும் முன் பாயிண்ட் இடைவெளி சரியாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். எத்தனை டிகிரி என்பது இன்ஜினின் கம்ப்ரஷனைப் பொறுத்தது, கையேட்டில் உள்ளபடி புல்லியை நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பிளாக்கிலும் அதன் உடலிலும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள். பிறகு கிளாம்ப் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, டெஸ்ட் லைட்டை சி.பி. முனையில் வைத்து, சாவி ஆன். உடலை முதலில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் லைட் அணையும்வரை திருப்பி, அப்புறம் கடிகாரத் திசையில் இம்மி இம்மியாகத் திருப்புங்கள். லைட் எரியும் கணத்தில் நிறுத்தி முடுக்குங்கள். இவ்வளவுதான் டைமிங்.

## 12. சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும் வண்டி

வீட்டில் எந்தச் சோதனையிலும் மாட்டாத கோளாறு இது. அரை மணி நேரம் ஓடி நிற்கும், அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். காயிலா, கண்டன்சரா, அல்லது பெட்ரோல் லைனில் ஆவி அடைக்கிறதா என்று சண்டை வரும்.

நின்ற உடனே, ஆறும் முன், 3-ஆம் படியைச் செய்யுங்கள். ஸ்பார்க் இல்லை அல்லது மஞ்சள் என்றால் அங்கேயே கையில் உள்ள கண்டன்சரை 7-ஆம் படியில் சொன்னபடி பிடித்துப் பாருங்கள். அதிலும் மாற்றம் இல்லை என்றால் காயில்மேல் ஈரத் துணி சுற்றி, முனைகளில் தண்ணீர் படாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். ஸ்பார்க் திரும்பினால் காயிலை மாற்றலாம். நின்ற கணத்தில் ஸ்பார்க் நீலமாக, பலமாக இருந்தால் இக்னிஷனை விட்டுவிட்டு பெட்ரோல் பம்ப் பக்கம் போங்கள்.

இதற்காகத்தான் அந்தப் பழைய கண்டன்சரையும் ரோட்டரையும் டெஸ்ட் லைட்டோடு ஒரு டப்பாவில் போட்டு டிக்கியிலேயே வைத்திருக்கிறேன். ஒயர் துண்டும் பிளேயரும் அதே டப்பாவில்.